அமெலியா ஏர்ஹார்ட் அம்மையார்

1937ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், கல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்தில் இரண்டு எஞ்சின்கள் பூட்டிய விமானமொன்று கராச்சியிலிருந்து வந்து இறங்கியது. அதை ஓட்டி வந்தவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. மறுநாள் காலை, மழையில் ஊறிக் கிடந்த தரையிலிருந்து பெருஞ்சிரமத்துடன் மேலெழும்பி அக்யாப் நோக்கிச் சென்றார். அதன்பின் இரண்டு வாரங்கள்தான். அவர் எங்கே போனார் என்று உலகமே தேடலாயிற்று. விடுமுறைக்கு ஊர் திரும்ப அதே டம்டமில் விமானம் ஏறும் நம் மாணவர்களுள் எத்தனை பேர் இதை அறிவார்களோ!

அமெலியா ஏர்ஹார்ட் 1897 ஜூலை 24இல் கான்சாஸ் மாநிலத்து அட்சிசன் நகரில் பிறந்தார். முதல் உலகப் போரின்போது டொரான்டோ மருத்துவமனையில் காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்தார். 1920இல் பத்து நிமிட அளவில் ஒரு விமானச் சவாரி கிடைத்தது. அத்துடன் அவர் மனம் வானத்துக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டே நீட்டா ஸ்னூக் என்ற பெண் விமானியிடம் பயிலத் தொடங்கினார். 1928இல் இரண்டு ஆடவர் நடத்திய விமானத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த முதற் பெண் என்ற புகழ் வந்தது. வெறுமனே உட்கார்ந்து வந்த தமக்கு இவ்வளவு மாலை மரியாதையா என்று அவர் கூசினார். அந்தக் கூச்சமே அவரை மீண்டும் கடலுக்கு மேல் அனுப்பியது என்று எண்ணத் தோன்றுகிறது.

1932 மே 20 மாலை, நியூபவுண்ட்லாந்திலிருந்து தன்னந்தனியே கிளம்பினார். வழியில் உயரங்காட்டும் கருவி பழுதாயிற்று. புகைபோக்கிக் குழாய் வெடித்து நெருப்பு நாக்கு நீட்டியது. இறக்கைகளில் பனி உறைந்தது. மேகத்துக்குள் மேலேது கீழேது என்று தெரியாத நிலையில், எஞ்சியிருந்த கருவிகளின் முள்ளை மட்டும் நம்பி ஓட்டினார். சுமார் 15 மணி நேரத்துக்குப்பின் அயர்லாந்தின் வடபுறத்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார். லிண்ட்பெர்க்குக்கு அடுத்து அக்கடலைத் தனியே கடந்தவர் அவரே.

இனி, மாணவர்களாகிய நமக்கு நெருங்கிய செய்தி ஒன்று. 1935இல் பர்டூ பல்கலைக்கழகம் அவரை மாணவியருக்கு வழிகாட்டும் பதவியில் அமர்த்தியது. அப்பல்கலைக்கழகத்தின் உதவியால்தான் லாக்ஹீட் எலெக்ட்ரா விமானம் அவர் கைக்கு வந்தது. அதில் பூமத்தியரேகையை ஒட்டி உலகைச் சுற்றிவரத் திட்டமிட்டார்.

கருவிகளைக் கொண்டு பறப்பதில் இரண்டு வேலைகள் உண்டு. விமானம் சாயாமல் இருக்கிறதா என்பதைச் சுழலிகள் சொல்லிவிடும். எங்கே இருக்கிறோம் என்பதை அவை சொல்லா. அதற்குச் சூரியனும் விண்மீனும் வேண்டும். மேகம் மறைத்தால் கீழிருந்து வரும் வானொலி வேண்டும். நடுக்கடலில் விமானத்துக்கு வழிசொல்ல அந்நாளில் கட்டுப்பாட்டு நிலையம் ஏது? ஆகவே யார், எந்த அலையில், எந்த நேரத்தில் பேசுவது என்பதையெல்லாம் தரையிலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

முதல் முயற்சியில் ஹாரி மானிங் என்ற கப்பல் தலைவர் உடனிருந்தார். வானொலித் தந்தியில் தேர்ந்தவர். 1937 மார்ச் 20இல் ஹவாயில் புறப்படும்போது விமானம் தறிகெட்டு உடைந்தது. செப்பனிட நாளாயிற்று, மானிங் தம் கப்பலுக்குத் திரும்பிவிட்டார். அவரிடத்தில் வேறெவரும் வரவில்லை. எஞ்சியவர் பிரெட் நூனன் ஒருவரே. விண்மீன் பார்த்து வழி காண்பதில் வல்லவர். ஆனால் மோர்ஸ் குறியீட்டில் அவருக்கோ அம்மையாருக்கோ நல்ல பயிற்சி இல்லை. அதனாலேயே 500 கிலோசைக்கிள் அலைக்கு வேண்டிய நீண்ட தொங்கு கம்பியையும் பாரமென்று விட்டுவிட்டார்கள். கப்பல்கள் திசையறியப் பயன்படுத்தியது அந்த அலையையே. துணிச்சலைப் புகழ்வோர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கோ இங்கிருந்து நகர முடியவில்லை.

ஜூன் 1இல் மியாமியை விட்டுக் கிழக்கே பறந்து, ஆப்பிரிக்காவும் இந்தியாவும் பர்மாவும் கடந்து, 22,000 மைல் முடித்து ஜூன் 29இல் நியூகினியின் லாயை அடைந்தார். அங்கே சோதனைப் பறப்பில் திசையறி கருவி சரியான திசையைக் காட்டவில்லை. நிலையத்துக்கு மிக அருகில் இருப்பதே காரணமென்று கொண்டார்கள்.

ஜூலை 2 காலை 10 மணிக்குப் புறப்பட்டார்கள். இலக்கு 2,556 மைலுக்கு அப்பாலுள்ள ஹௌலாண்டுத் தீவு. நீளம் ஒன்றரை மைல், அகலம் அரை மைல். கடல்மட்டத்துக்குமேல் 20 அடி உயரந்தான். வழிகாட்ட இட்டாஸ்கா என்ற கடற்காவல் கப்பல் காத்திருந்தது. கப்பலின் கடிகாரமோ கிரீன்விச் நேரத்திலிருந்து பதினொன்றரை மணி பிந்தியது; அம்மையார் கணக்கிட்டது கிரீன்விச் நேரத்தை. அவர் பேசிய 3105 கிலோசைக்கிள் அலையில் கப்பலின் திசையறி கருவி பயன்படாது. அதற்கெனத் தீவில் வைத்த கருவிக்கோ மின்கலம் தீர்ந்து போயிற்று.

விடிந்ததும் அவர் குரல் கப்பலில் உரக்கக் கேட்டது. கப்பலார் கூவியதோ அவருக்கு எட்டவில்லை. தீவின் அருகே வந்திருக்க வேண்டும், ஆனால் காண முடியவில்லை, எரிபொருளும் குறைகிறது என்றார். 7500 கிலோசைக்கிளில் குறி அனுப்பக் கேட்டார், அனுப்பினார்கள். அது ஒன்றுதான் அவர் காதில் விழுந்தது. விழுந்தும், திசை பிடிபடவில்லை. புறப்பட்ட 20 மணி 13 நிமிடத்தில், தாம் பறந்துகொண்டிருக்கும் நிலைக்கோட்டைச் சொன்னார். பிறகு ஒலியே இல்லை.

லெக்சிங்டன் விமானந்தாங்கிக் கப்பலும் கொலராடோ போர்க்கப்பலும் ஜூலை மூன்றாம் வாரம் வரை கடலைச் சல்லடையாய்ச் சலித்தன. 1939 ஜனவரி 5இல் நீதிமன்றம் அவர் இறந்ததாகத் தீர்மானித்தது. வேறொரு தீவில் இறங்கியிருப்பார் என்று பின்னாளில் தேடியவர் பலர். ஐயத்துக்கு இடமில்லாத சான்று எவருக்கும் அகப்படவில்லை.

ஹௌலாண்டில் இன்று மனித வாசமில்லை. அம்மையார் பெயரால் எழுப்பிய கலங்கரைத் தூண் ஒன்று சிதைந்து நிற்கிறது. அவர் வந்து இறங்குவதற்காகவே அத்தீவில் மூன்று ஓடுபாதைகளைச் செப்பனிட்டு வைத்திருந்தார்கள்.