டெல்லி காற்றுக்கும் 180 வருஷத்துக்கு முன் பிறந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்கும் என்ன தொடர்பு? யார் இந்த ஜான் எய்ட்கன்?

காலையில் எழுந்ததும் போனில் ஏக்யூஐ பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? டெல்லி, நொய்டா, குருகிராம் பக்கம் வேலை பார்ப்பவர் என்றால் கண்டிப்பாக இருக்கும். குளிர்காலத்தில் அந்த எண்ணை எகிற வைப்பது பெரும்பாலும் பிஎம் 2.5 என்ற நுண்துகள்தான்.

அது எங்கிருந்து வருகிறது? ரோட்டுப் புழுதி, வண்டிப் புகை, வேறென்ன என்று நினைப்பீர்கள். அதுவும் உண்டு. ஆனால் இன்னொரு பெரும்பங்கு, துகளாகவே கிளம்பியது இல்லை. கண்ணுக்குத் தெரியாத வாயுவாக வெளியேறி, காற்றில் மிதந்துகொண்டிருக்கும்போதே துகளாக மாறியது.

இந்த விஷயத்தை முதன்முதலில் எண்ணிப் பார்த்துச் சொன்னவர் ஜான் எய்ட்கன். காற்று மாசு பற்றிய எந்தப் பாடநூலைத் திறந்தாலும் அவர் பெயர் வரும். ஆனால் அவர் கடைசிவரை எந்தப் பல்கலைக்கழகத்திலும் வேலை பார்க்கவில்லை.

வேலையை விட்டவர், வீட்டிலேயே ஆய்வகம்

1839-ல் ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க் ஊரில் பிறந்தார் எய்ட்கன். கிளாஸ்கோவில் பொறியியல் படித்து, கப்பல் கட்டும் தொழிலில் பயிற்சியும் எடுத்தார். கப்பல் இன்ஜினியராக வேண்டியவர். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பினார்.

வீட்டிலேயே ஓர் ஆய்வகம் அமைத்துக்கொண்டார். பட்டறைப் பயிற்சி இருந்ததால் தேவையான கருவிகளைத் தானே செய்துகொண்டார். அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி ரொம்ப எளிமையானது: மூடுபனி எப்படி உருவாகிறது?

இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களை எடுத்தார். ஒன்றில் சாதாரணக் காற்று. இன்னொன்றில் பஞ்சு வழியாக வடிகட்டிய காற்று. இரண்டிலும் நீராவியைச் செலுத்தினார். முதல் பாத்திரத்தில் வெள்ளை வெளேரென்று மூடுபனி. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை!

நீராவி தானாகத் துளியாகிவிடாது, உட்காருவதற்கு ஒரு துகள் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிந்தது. காற்றில் துகளே இல்லையென்றால் நாம் பார்க்கிற மாதிரி மேகமும் இருக்காது, மூடுபனியும் இருக்காது. 1880-ல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் இதை முன்வைத்தார். பிரான்சில் கூலியே என்பவர் 1875-லேயே இதைக் கவனித்திருந்தார். ஆனால் விடாமல் பின்தொடர்ந்து போனவர் எய்ட்கன்தான்.

தெரியாததை எப்படி எண்ணுவது?

இந்தத் துகள்கள் மைக்ரோஸ்கோப்பிலும் சிக்காத அளவுக்குச் சின்னவை. அதற்கு எய்ட்கன் கண்டுபிடித்த வழி பிரமாதமானது. கொஞ்சம் காற்றை ஈரமான பாத்திரத்தில் அடைத்து, பம்ப்பால் சட்டென்று விரிய வைத்தார். காற்று குளிர்ந்தது. ஒவ்வொரு துகள் மேலும் நீர் படிந்து, கண்ணில் படுகிற துளியானது. கீழே கட்டம் போட்ட ஒரு வெள்ளித் தகடு. அதில் விழுந்த துளிகளை லென்ஸ் வைத்து எண்ணினார். ஒரு துளி என்றால் ஒரு துகள். அவ்வளவுதான்!

1880-களின் இறுதியில் இந்தக் கருவி தயாரானது. அதை எடுத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தின் ரிகி மலைக்குப் போனார். 1889-ல் அப்போதுதான் திறந்திருந்த ஐஃபெல் கோபுரத்தின் உச்சிக்கும் போனார். நகரக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில், அதாவது ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில், பல்லாயிரம் துகள்கள் இருந்தன. மலைக்காற்றில் சில நூறுதான்.

கணக்கு இடித்த இடம்

இதுவரை எல்லாம் சரி. நகரத்தில் தூசு அதிகம், மலையில் குறைவு. ஆனால் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் கணக்கு இடித்தது. ஆலையோ புகையோ இல்லாத இடத்தில், நல்ல வெயில் நாளில், துகள்களின் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. கடல் உள்வாங்கிய கரையில் வெயில் படும்போது இன்னும் ஏறியது. எங்கிருந்தும் தூசு வரவில்லை. அப்படியென்றால்?

வாயுக்கள் மேல் வெயில் படும்போது துகள்கள் புதிதாக உண்டாகின்றன என்ற முடிவுக்கு வந்தார் எய்ட்கன். கந்தகம் எரியும்போது வரும் வாயு இதில் முக்கியமான ஒன்று என்பதையும் கண்டார். காற்றில் இருப்பதெல்லாம் எங்கிருந்தோ கிளம்பி வந்த தூசு என்று தொடங்கியவர், காற்றே துகளை உண்டாக்கும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

இன்னொரு விஷயத்தையும் 1880-லேயே சொல்லியிருந்தார். நிலக்கரியைக் கரும்புகையே வராமல் சுத்தமாக எரித்தாலும் நகர மூடுபனி ஒழிந்துவிடாது, அதன் நிறம்தான் வெளுக்கும். ஏனென்றால் பிரச்சினை கண்ணுக்குத் தெரியும் கரியோடு முடிவதில்லை, தெரியாத வாயுவிலும் இருக்கிறது. புகையை ஒழித்தால் போதும் என்று பலர் நம்பிய காலத்தில் இது இனிப்பான செய்தி இல்லை.

1917-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ராயல் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1919-ல், 80-ஆவது வயதில், அதே ஃபால்கிர்க்கில் காலமானார்.

இன்றைக்கு நமக்குத் தெரிவது

அவருக்குத் தெரியாத நடுப்பகுதி இன்று தெரியும். கந்தக டை ஆக்சைடு வெயிலின் உதவியால் கந்தக அமிலமாகிறது. அந்த மூலக்கூறுகள் சில ஒட்டிக்கொள்கின்றன. இந்தக் கொத்து சுமார் ஒரு நானோமீட்டர்தான், பெரும்பாலும் உடனே பிரிந்துவிடும். அமோனியா போன்ற வாயுக்கள் சேர்ந்தால் பிடிமானம் கிடைக்கும். பிறகு மரங்கள் விடும் ஆவிகள் உட்பட பல ஆவிகள் படியப் படிய, மணிக்குச் சில நானோமீட்டர் வீதம் வளரும். 50 முதல் 100 நானோமீட்டர் ஆனால் மேகத் துளிக்கே விதையாகும். ஏறத்தாழ 100 நானோமீட்டருக்குள் இருக்கும் இந்த ரகத்துக்கு இன்றும் எய்ட்கன் பெயர்தான். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் நடக்கும் ‘கிளவுட்’ பரிசோதனை, ஒரு பெரிய எஃகு அறைக்குள் இந்தப் பிறப்பைத்தான் படிப்படியாக அளக்கிறது.

சரி, டெல்லிக்கு வருவோம். ஏற்கெனவே துகள் நிறைந்த காற்றில், புதிதாகப் பிறக்கும் குட்டித் துகள்கள் பெரியவற்றோடு ஒட்டிக் காணாமல் போய்விடும். அதனால் அங்கே அவை வளர்வது கஷ்டம் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஆனால் 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, டெல்லியின் குளிர்கால இரவுகளில், வெயிலே இல்லாதபோது, நுண்துகள்கள் வேகமாக வளர்வதைக் காட்டியது. விறகு, சருகு, குப்பை எரிப்பதில் வெளியாகும் ஆவிகள் இரவுக் குளிரில் அவற்றின் மேல் படிகின்றன.

இதனால் உங்களுக்கு என்ன?

ரோட்டில் தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும். அனல் மின் நிலையப் புகைபோக்கியில் சாம்பலைப் பிடிக்கும் வடிகட்டி வைத்தால் சாம்பல் நிற்கும். வாயு நிற்காது. அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

நிலக்கரி மின் நிலையங்கள் விடும் கந்தக டை ஆக்சைடுக்கு இந்தியா 2015-ல் வரம்பு விதித்தது. கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில், பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவி பொருத்துவதிலிருந்து விலக்கு தரப்பட்டது. செலவு அதிகம், பல ஊர்களில் கந்தக டை ஆக்சைடு அளவு ஏற்கெனவே வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது அரசுத் தரப்பு வாதம். அந்த வாயு காற்றில் துகளாக மாறி வெகுதூரம் போவதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை என்பது எதிர்த் தரப்பு.

இந்த விவாதம் செய்தியில் அடிபடும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: புகைபோக்கி வாயில் அளக்கிறார்களா, அல்லது அங்கிருந்து கிளம்பியது காற்றில் என்னவாக மாறுகிறது என்பதையும் சேர்த்து அளக்கிறார்களா? எய்ட்கன் வெள்ளித் தகட்டில் துளிகளை எண்ணிக் கண்டுபிடித்த வித்தியாசம் இதுதான்.