தமிழில் மருத்துவம் தந்த வைத்திய கலாநிதி சாமுவேல் பிஸ்க் கிறீன்

எமது பிள்ளைகள் வார நாட்களில் உயிரியலை ஆங்கிலத்திற் கற்கின்றனர். கலம், இருதயம், சுவாசம், குருதிச் சுற்றோட்டம் ஆகியவை பற்றி அவர்கள் நன்கு அறிவர். வார இறுதியிலே தமிழ் வகுப்புக்கு வரும்போதோ, தமிழ் பாட்டுக்கும் பேச்சுப் போட்டிக்கும் உரிய மொழி, விஞ்ஞானம் ஆங்கிலத்திற்கே உரியது என்னும் எண்ணம் அவர்தம் உள்ளத்தில் மெல்லப் பதிந்துவிடுகின்றது. பெற்றோராகிய நாமும் சில வேளைகளில் அவ்வாறே எண்ணிவிடுகின்றோம். இவ்வெண்ணம் தவறானதென்று 150 ஆண்டுகளுக்கு முன்னரே செயலில் காட்டிய பெரியார் ஒருவரின் வரலாற்றை இம்மலரிலே நினைவுகூர விழைகின்றோம். அவர் தமிழரல்லர், அமெரிக்கர்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள், அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலுள்ள கிறீன் ஹில் என்னும் குடும்ப இல்லத்திற் பிறந்தார். நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் பூங்கா உருவாவதற்குப் பெரிதும் உழைத்த அன்ட்ரூ கிறீன் இவருடைய தமையனாராவார். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845இற் பட்டம் பெற்ற இவர், சொந்த நாட்டிலே தொழில் செய்து பொருளீட்டியிருக்கலாம். ஆயினும் அமெரிக்க மிசனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. அடுத்த ஆண்டிலே மானிப்பாயைத் தமது பணிக்களமாக்கிக் கொண்டார்.

சமயப் பணியும் மருத்துவப் பணியும் இணைந்ததே அவரது நோக்கம். எனினும் தம்மை நாடி வந்த நோயாளர் அனைவருக்கும் சமய வேறுபாடின்றி மருத்துவஞ் செய்தார். ஒருவர் தனித்து நின்று ஊர் முழுவதற்கும் வைத்தியம் பார்த்தல் இயலாதென்பதை விரைவிலே உணர்ந்தார். எனவே 1848 முதல் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவங் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்திற் போதனாமொழி ஆங்கிலமாகவே இருந்தது.

அதிலொரு குறையை அவர் கண்டார். ஆங்கிலத்திற் கற்றுத் தேறிய மாணவர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டு வெளியேறினர். யாருக்காக மருத்துவர் உருவாக்கப்பட்டனரோ, அந்தக் கிராம மக்களுக்கு அவர்களாற் பயன் கிட்டவில்லை. இதற்குக் கிறீன் கண்ட வழி, தமிழிலே மருத்துவத்தைக் கற்பிப்பதாகும். தமிழிற் கற்றவர் தமிழ் மக்களிடையே தங்குவர்; நோயாளருக்கு நோயின் இயல்பை அவர்கள் மொழியிலேயே விளக்குவர் என அவர் எண்ணினார். தம் மாணவர்கள் மேனாட்டு உடைக்கு மாறாது தமிழருக்குரிய உடையிலேயே இருத்தல் வேண்டுமென்றும் அவர் விரும்பினார். 1860களில் தமிழ்வழி மருத்துவ வகுப்புகள் நடைபெறலாயின. அவரிடம் பயின்று வெளியேறிய மருத்துவர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழ அரைவாசிப்பேர் தமிழிலே கற்றவர்கள்.

வகுப்பு இருந்தது, நூல்கள் இருக்கவில்லை. ஆகவே கிறீன் தமிழை ஆழ்ந்து கற்று மொழிபெயர்ப்பில் இறங்கினார். கலைச்சொல்லாக்கத்தில் அவர் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தார். முதலில், தமிழில் வழங்கும் சொல் உண்டா எனத் தேடினார். இல்லையேல் வடமொழியை நாடினார். அதுவும் பொருந்தாவிடத்து மாத்திரம் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப அமைத்துக்கொண்டார். உடலின் அமைப்பைக் கூறும் துறை அங்காதிபாதம் எனவும், உடலின் தொழிற்பாட்டைக் கூறும் துறை சுகரணம் எனவும், இரசாயனவியல் கெமிஸ்தம் எனவும் பெயர் பெற்றன. சப்மன், டான்போர்த் முதலிய அவருடைய தமிழ் மாணவர்களும் இம்மொழிபெயர்ப்புப் பணியில் உடனுழைத்தனர்.

பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்பன 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. நூல்கள் யாவும் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை.

இவற்றுள் மனுஷ அங்காதிபாதம் லண்டன்வாழ் தமிழராகிய எமக்குத் தனி உரிமையுடையது. அதற்கு மூலமாய் அமைந்த நூல்களில் ஒன்று, ஹென்றி கிரே 1858இல் லண்டனில் வெளியிட்ட உடற்கூற்று நூலாகும். கிரே பணியாற்றிய சென் ஜோர்ஜஸ் மருத்துவமனை அந்நாளில் ஹைட் பார்க் அருகே இருந்தது. இன்று அது தமிழர் பலர் வாழும் ரூட்டிங்கில் இயங்குகின்றது. கிரே எழுதியது பதினான்கு ஆண்டுகளுக்குள் மானிப்பாயிலே தமிழாயிற்று. அந்த மண்ணிலிருந்து வந்தோர் இன்று அம்மருத்துவமனையின் அயலவராக வாழ்கின்றனர்.

மனுஷ சுகரணத்தின் மூலநூலாசிரியர் அமெரிக்கரான டால்டன். அவர் பாரிசிலே குளோட் பெர்னார் என்னும் பேரறிஞரிடம் பயின்றவர். எமது உடல் எண்ணிறந்த கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு சூழ்ந்திருக்கிறது. உள்ளே குழியவுருவும், பெரும்பாலான கலவகைகளிற் கருவும் உண்டு. இக்கலங்கள் வெளிக்காற்றில் வாழ்வதில்லை. உடலினுள்ளேயுள்ள திரவத்தில் மூழ்கியே வாழ்கின்றன. வெளியே எது மாறினும் இவ்வுட்சூழல் பெரிதும் மாறாதிருத்தலே உயிர்வாழ்வின் அடிப்படை என்று பெர்னார் விளக்கினார். இதற்கு 1926இல் ஹோமியோஸ்ராசிஸ் எனப் பெயரிட்டவர் கனன் என்னும் அமெரிக்கர். தமிழில் இதனை ஒருசீர்த்திடநிலை என்பர்.

பிள்ளைகள் இதனைத் தம் உடலிலேயே காணலாம். மார்கழிக் குளிரில் லண்டன் பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்கும்போது, தோலிலுள்ள நுண்ணிய குருதிக் குழாய்கள் சுருங்கி வெப்பம் வெளியேறாது காக்கின்றன. தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. விடுமுறையிற் சென்று மானிப்பாய் வீதியில் வெயிலில் நடந்தால், அதே குழாய்கள் விரிகின்றன. வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கின்றது. ஈரிடத்தும் உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 பாகை செல்சியசாகவே இருக்கும். இதனைத் தமிழில் விளக்க எமக்குச் சொற்பஞ்சம் இல்லை. அதற்கு அடித்தளமிட்டோருள் கிறீன் முதன்மையானவர்.

உடல் நலங்குன்றிய கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். ஆயினும் தமிழ்ப்பணியை விட்டாரல்லர். கடல் கடந்த கிறீன் ஹில் இல்லத்தில் இருந்துகொண்டே தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்தியும் மொழிபெயர்த்தும் வந்தார். மனுஷ சுகரணம் வெளிவந்த மறு ஆண்டு, 1884 மே 28ஆம் நாள், அங்கேயே காலமானார். தாம் தமிழருக்கு மருத்துவத் தொண்டராய் இருந்ததையே தமது கல்லறையிற் பொறிக்க வேண்டுமென்பது அவரது விருப்பமாயிருந்தது. மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை என்பதையும் நாம் மறைத்தலாகாது. அவர் ஆக்கிய சொற்களிற் பல இன்று வழக்கில் இல்லை. நூல்கள் இருந்தன, சொற்களும் இருந்தன, அவற்றைத் தொடர்ந்து எடுத்தாளுவோர் குறைந்தனர். மொழி தளர்வது சொல் இன்மையாலன்று, வழங்குவோர் இன்மையாலேயே என்பதை இது எமக்கு உணர்த்துகின்றது.

ஆகவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது சிறிதே. பிள்ளை பாடசாலையில் இருதயத்தைப் பற்றிக் கற்று வரும் நாளில், அதனைத் தமிழில் எமக்கு விளக்கும்படி கேட்போம். சொல் தெரியாவிடின் இருவரும் சேர்ந்து தேடுவோம். ஏறத்தாழ இருபத்தைந்து வயதில் வந்து தமிழைக் கற்ற அந்நியர் ஒருவரால் 4,000 பக்கம் இயன்றதென்றால், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட எம்மால் நாளுக்கொரு சொல் இயலாதா?