தாட்சாயணி வேலாயுதன்: தனித்து அமர்ந்த ஒரே இருக்கை

1948 நவம்பர் 29 அன்று, தீண்டாமையை ஒழிக்கும் சட்டக்கூறு அரசியல் நிர்ணய சபையின் விவாதத்திற்கு வந்தது. அவ்விவாதத்தில் தாட்சாயணி வேலாயுதன் உரையாற்றினார். ஒதுக்கப்பட்ட நேரம் கடந்தபோது, அவர் பெண் என்பதால்தான் தொடர்ந்து பேச அனுமதிப்பதாக அவைக்குத் தலைமை வகித்தவர் குறிப்பிட்டார். சட்டத்தின் வலிமையை மட்டும் நம்பித் தீண்டாமையை ஒழித்துவிட முடியாது, மக்களின் நடத்தையும் மாற வேண்டும் என்று வாதிட வந்திருந்தவர் அவர். உறுப்பினர் என்ற முறையில் அவருக்கிருந்த உரிமை, பெண்ணுக்குக் காட்டும் சலுகையாக அவைக் குறிப்பில் பதிவாயிற்று.

அந்த இருக்கையை அடைய அவர் கடந்து வந்த தொலைவு பெரிது. 1912 ஜூலை 4 அன்று, கொச்சியை அடுத்த முளவுகாடு தீவில் புலையர் குடும்பமொன்றில் பிறந்தார். தாட்சாயணி என்னும் பெயரே அன்று அச்சமூகத்துப் பெண்ணுக்கு மறுக்கப்பட்டது. அதைச் சூட்டியது அவருடைய குடும்பம் செய்த முதல் மீறல். கரையில் கூடத் தடை இருந்ததால் புலையர் மக்கள் 1913-இல் காயலின் நடுவே படகுகளைப் பிணைத்து மாநாடு நடத்தினர். அந்த எழுச்சியில் அவருடைய உறவினரும் முன்னின்றனர்.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் பயின்றபோது, ஆதிக்கச் சாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைச் செய்துகாட்ட மறுத்தார். தள்ளி நின்று பார்த்தே அவற்றைக் கற்றுக்கொண்டு 1935-இல் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் தலித் பெண் பட்டதாரி என்று அவரை வரலாறு குறிக்கிறது. பின்னர் பள்ளி ஆசிரியரானார். ஒருநாள் வயல் வரப்பில் எதிரே வந்த நாயர் பெண்ணொருவர், வழிவிட்டுச் சேற்றில் இறங்குமாறு அவரை அதட்டினார். தாட்சாயணி அசையவில்லை; இறுதியில் இறங்கியது அந்தப் பெண்தான்.

1945-இல் கொச்சி சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்ட அவர், 1946-இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். அப்போது அவருக்கு வயது 34. அந்த அவையில் இடம்பெற்ற பெண்கள் 15 பேர். அவர்களுள் தலித் பெண் அவர் ஒருவரே.

1940-இல் சேவாகிராமத்தில் காந்தி, கஸ்தூர்பா முன்னிலையில் ஆர்.வேலாயுதனை மணந்தவர் என்பதால், அவரைக் காந்தியின் நிழலாக மட்டும் காண்போர் உண்டு. தனித்தொகுதி முறையை எதிர்த்ததால் அம்பேத்கரியர் சிலர் அவரை விலக்கி வைத்தனர். அவருடைய முடிவுடன் நாம் முரண்படலாம். ஆனால் அதன் பின்னிருந்த காரணம் அவருடையது: நிலமும் கூலியும் பிறர் கையில் இருக்கும்வரை எந்தத் தேர்தல் ஏற்பாடும் விடுதலை தராது என்று அவர் கருதினார். வரைவு அரசமைப்பு 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயலில் அதிகாரத்தை மையத்தில் குவிக்கிறது என்று அவையிலேயே குறை கூறவும் அவர் தயங்கவில்லை. ஆண் தலைவர்கள் மாறுபட்டால் அதைக் கொள்கை முரண் என்கிறோம். பெண் மாறுபட்டால் யார் சொல்லிக்கொடுத்தது என்று தேடுகிறோம்.

1952-இல் அமைந்த முதல் மக்களவையில் அவருடைய கணவர் உறுப்பினரானார். அரசமைப்பை ஆக்கிய அவையில் அமர்ந்திருந்த மனைவிக்கு அங்கே இடமில்லை. ஐந்து பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் பணத்தட்டுப்பாடும் அவரைச் சூழ்ந்திருந்தன. 1971-இல் மக்களவைத் தேர்தலில் போட்டியிட்டுத் தோற்றார். ஓய்ந்துவிடவில்லை, டெல்லியில் துப்புரவுப் பணியில் இருந்த பெண்களிடையே பணியாற்றி, 1977-இல் மகிளா ஜாக்ரிதி பரிஷத் என்னும் அமைப்பை உருவாக்கினார். 1978 ஜூலை 20 அன்று மறைந்தார்.

பட்டியல் சாதியினருக்கான தொகுதிகள் தலித் மக்களுக்கு அவையின் கதவைத் திறந்தன. ஆனால் அக்கதவுக்குள் நுழையும் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த கட்சிகள் பெரும்பாலும் ஆண்களையே தேடின. அத்தொகுதிகளிலும் மூன்றிலொரு பங்கு பெண்களுக்கு என்று வகுக்கும் அரசமைப்புத் திருத்தம் 2023-இல்தான் நிறைவேறியது. அதன் நடைமுறையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பிந்தியது என்று அதிலேயே எழுதப்பட்டது. முதல் தலித் பெண் என்று தாட்சாயணியைப் போற்றுவது எளிது. அவருக்குப் பக்கத்து இருக்கையில் இன்னொரு தலித் பெண்ணை அமர்த்தாத அரசியலைக் கேள்வி கேட்பதே அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.