ஆறு பங்கு பலம் கேட்ட எஞ்சினீயர்

செங்கோட்டைக்குப் போய்வரும் நம்மவர்களில் பலர் புனலூரில் கல்லடையாற்றின் மேல் உள்ள தொங்குபாலத்தைப் பார்த்திருப்பார்கள். 1877-ல் ஆல்பர்ட் ஹென்றி என்ற வெள்ளைக்கார எஞ்சினீயர் கட்டியது, சங்கிலியில் தொங்குவது. அதே சமயத்தில் அமெரிக்காவில் சங்கிலிக்குப் பதிலாக உருக்குக் கம்பி வடத்தில் ஒரு பெரிய பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குத் திட்டம் போட்டவர் ஜான் ரோப்ளிங்.

ரோப்ளிங் 1806-ல் ஜெர்மனியில் மூல்ஹாசன் என்ற ஊரில் பிறந்தார். பெர்லினில் படித்தார். 1831-ல் கப்பலேறி பென்சில்வேனியா சென்று விவசாயம் பார்த்தார், அது சரிப்படவில்லை. பிறகு கால்வாய் சர்வே வேலை. அங்கே மலைச்சரிவில் தண்டவாளம் போட்டு, படகுகளைச் சணல் வடத்தால் மேலே இழுத்தார்கள். வடம் சீக்கிரமே நைந்துவிடும். அறுந்தால் ஆள் பிழைப்பது அரிது. இதைப் பார்த்த ரோப்ளிங், 1841-ல் தம் வீட்டுப் பின்புறப் புல்வெளியில், அக்கம்பக்கத்து விவசாயிகளைக் கூலிக்கு வைத்து இரும்புக் கம்பிகளைக் கையாலேயே முறுக்கி வடம் செய்தார். ஜெர்மனிச் சுரங்கங்களில் 1834-லேயே கம்பி வடம் வந்துவிட்டது. அமெரிக்காவில் அதைத் தொழிலாக்கியவர் இவரே.

1855-ல் நயாகரா ஆற்றின் மேல் 821 அடி நீளத்துக்கு இவர் தொங்கவிட்ட பாலத்தில் ரயில் ஓடியது. தொங்குபாலத்தில் ரயிலா என்று பெரிய எஞ்சினீயர்களே சந்தேகப்பட்ட காலம் அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் வீலிங் நகரத் தொங்குபாலம் காற்றில் ஆடி விழுந்திருந்தது. நிற்கும் பாரத்தை மட்டும் பார்த்தால் போதாது, காற்றும் குலுக்கலும் கணக்கில் வரவேண்டும் என்பதை ரோப்ளிங் அறிந்திருந்தார்.

நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு அவர் வைத்த கணக்கு ஆறு பங்கு. அதாவது 12 டன்னில் அறும் வடத்தில் 2 டன்னுக்கு மேல் ஏற்றக்கூடாது. சரக்குத் தூக்கும் கம்பி வலைக்கும் இப்படித்தான் பங்கு வைக்கிறார்கள். நாலு மூலையும் சமமாக இழுக்கும் என்று நம்பக்கூடாது; ஒரு மூலை அதிகம் வாங்கும். இரண்டு வடத்தில் தொங்கும் சுமையில், வடங்கள் விரிந்து நடுக்கோணம் 120 டிகிரி ஆனால் ஒவ்வொன்றும் முழுச் சுமையின் அளவுக்கு இழுபடும். கொக்கி மாட்டும் தொழிலாளிக்கு இது தெரிந்திருப்பது அவசியம். கிரேனில் எழுதிய டன் கணக்கை மட்டும் படித்துவிட்டுத் தூக்குகிறவர்கள்தான் அதிகம்.

பாலத்தைப் பார்க்க ரோப்ளிங் கொடுத்துவைக்கவில்லை. 1869-ல் இடம் அளக்கும்போது படகு மோதிக் கால் நசுங்கியது. டாக்டர் சொன்னதைக் கேளாமல் தண்ணீர் வைத்தியமே போதுமென்றார். ஜன்னி கண்டு ஜூலை 22-ல் இறந்தார். மகன் வாஷிங்டன் பொறுப்பேற்று, ஆற்றடி அஸ்திவார வேலையில் நோயாளியானார். அவருடைய மனைவி எமிலிதான் தினமும் பாலத்துக்குப் போய்வந்து வேலையை நடத்தினார்.

1878-ல் ஒரு மோசடி வெளியானது. பரிசோதனையில் தேறிய கம்பிச் சுருளை வழியில் மாற்றிவிட்டு, கழித்துப்போட்ட கம்பியை ஒப்பந்தக்காரர் அனுப்பியிருக்கிறார். டன் கணக்கில் அது வடத்துக்குள் போய்விட்டது, பிரித்தெடுக்க வழியில்லை. வடத்துக்கு 150 நல்ல கம்பி கூடுதலாகச் சேர்த்தார்கள். ஆறு பங்கு சுமார் ஐந்தாகக் குறைந்தது. 1883 மே 24-ல் பாலம் திறந்தது. மறுவருடம் ஒரு சர்க்கஸ் முதலாளி 21 யானைகளை அதன்மேல் நடத்திக் காட்டினார். அந்த மட்டக் கம்பி இன்றும் வடத்துக்குள்ளேதான் இருக்கிறது.