இலட்ச ரூபா வைத்த ஆசிரியர்

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் கற்பித்தோருள் இருவர், தம்மை அழைத்த பாதிரிமார் எதிர்பாராத வழியிற் சென்றனர். ஒருவர் நல்லூர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற அப்பெரியார், 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மற்றவர் அதற்கு எண்பதாண்டு கழித்து வந்த ஆபிரகாம் கோவூர். முன்னவர் வரலாற்றை எம் மாணாக்கர் நன்கறிவர். பின்னவர் பெயரைச் சொன்னால் விழிக்கின்றனர்.

கோவூர் 1898 ஏப்ரல் 10 ஆம் நாள் கேரளத்துத் திருவல்லாவிற் பிறந்தார். தந்தையார் மார்த்தோமாத் திருச்சபையில் உயர்பதவி வகித்த குருவானவர். மகனோ கல்கத்தாவில் தாவரவியல் கற்றார். விடுமுறைக்கு ஊர் திரும்புகையிற் கங்கைநீர் கொணருமாறு அயலார் வேண்டியிருந்தனர். அதனை மறந்துபோன இளைஞர், வழியிலே புகையிரத நிலையக் குழாய்நீரை நிரப்பிச் சென்று கொடுத்தாராம். அந்நீர் தம் பிணி தீர்த்ததெனப் பெற்றோர் பின்னர் நன்றி கூறினராம். அவர் தாமே பலகாலும் சொல்லிவந்த கதை இது.

கோட்டயத்திற் சிலகாலம் ஆசிரியராயிருந்தபின் யாழ்ப்பாணம் வந்தவரிடம், தாவரவியலோடு விவிலிய பாடமும் ஒப்படைக்கப்பட்டது. மாணவர் தேர்விற் சிறப்பாகத் தேறினர். எனினும், மறுஆண்டு அப்பாடம் அவர் கைவிட்டுப் போயிற்று. பிள்ளைகள் பரீட்சையிற் சித்தியடைந்தனர், ஆயின் விசுவாசத்தை இழந்தனர் என்பதே அதிபர் சொன்ன காரணமாம். சமயநூல் கற்பிக்கும் எனக்கு இக்கதை நகைப்பை மட்டும் விளைப்பதன்று. தேர்வில் நிறைந்த புள்ளி பெற்ற மாணவன் உள்ளத்தில் என்ன எஞ்சியிருக்கின்றது என்று நாம் எப்போதேனும் வினவியதுண்டா?

பின்னர்க் காலி, கல்கிசை, கொழும்பு ஆகிய இடங்களிற் கற்பித்து, 1959 இல் தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் புகழ் அதன் பின்னரே பரவிற்று. பகுத்தறிவாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கி, 1963 இல் அவர் விடுத்த அறைகூவல் இலங்கையையும் இந்தியாவையும் கலக்கியது. மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக அவர் அறிவித்தார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தைப் படிக்கலாம், நீர்மேல் நடக்கலாம், நீரைப் பெற்றோலாக மாற்றலாம், எதுவாயினும் ஒன்று போதும். விளம்பரம் தேடுவோரை விலக்க ஆயிரம் ரூபா பிணைப்பணம் கேட்டார். சோதிடர்க்கோ பத்துச் சாதகங்களைத் தந்து, ஆண் எது, பெண் எது, உயிரோடிருப்பவர் எவர், இறந்தவர் எவர் எனப் பிரிக்கச் சொன்னார். நூற்றுக்கு ஐந்து பிழையையும் பொறுப்பதாகக் கூறினார். பஞ்சாங்கம் பாராது கதவுநிலை வையாத குடியிற் பிறந்தவன் யான். ஆயினும் இச்சோதனையில் அநீதி ஒன்றும் காண்கிலேன். அவர் இறக்கும்வரை அப்பணத்தை எவரும் வென்றிலர்.

1973 இல் ஊரி கெல்லர் என்னும் இஸ்ரவேலர் தொலைக்காட்சியிற் கரண்டி வளைத்து உலகை மயக்கினார். அவ்வாண்டே அமெரிக்க நிகழ்ச்சியொன்றில், தாம் முன்னரே தொட்டறியாத பொருள்கள் வைக்கப்பட்டபோது அவர் திகைத்து இருந்ததும் யாவரும் கண்டதே. சத்திய சாயி பாபா யப்பானியக் கடிகார நிறுவனத் தலைவருக்கு அற்புதமாய்க் கைக்கடிகாரம் வருவித்துக் கொடுத்தார் என்ற செய்தி பரவியபோது, கோவூர் வாதமிடவில்லை. அத்தலைவருக்கே கடிதம் எழுதினார். அவர் பாபாவைச் சந்தித்ததே இல்லை என விடை வந்தது. ஒரு முத்திரைச் செலவோடு முடிந்த ஆராய்ச்சி!

யான் பெரிதும் மதிப்பது இவற்றையன்று. கல் விழும் வீடு, பேய் பிடித்த பெண், செய்வினை என அழைப்பு வந்த இடங்களுக்கெல்லாம் அவர் சென்றார். பேயைத் தேடாது, அவ்வீட்டில் வாய்திறவாது துன்புறும் மனிதரைத் தேடினார். மனோவசியத்தால் உள்ளத்தை ஆற்றினார். உடுக்கும் வேப்பிலையும் பிரம்படியுமே மருந்தாயிருந்த குடும்பங்களுக்கு அது பேருதவி. அவ்வாறான ஒரு வரலாறே 1972 இல் மலையாளத்திற் புனர்ஜன்மம் எனத் திரைப்படமாயிற்று.

அடியார் வழிபாட்டையும் ஏய்ப்போர் வித்தையையும் அவர் ஒரே தராசில் இட்டார் என்பது என் மனக்குறை. சித்திகளைப் பெரிதென எண்ணாத தாயுமானவரை அவர் ஆழ்ந்து கற்றிருப்பாரேல் அவ்வேறுபாடு புலப்பட்டிருக்கும்.

1978 செப்டெம்பர் 18 ஆம் நாள் கொழும்பிற் காலமானார். மறுஆண்டுதான் இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கிற்று. காலைதோறும் அதிற் பலன் சொல்லும் சோதிடர்களை அவர் கண்டிலர். சமயச் சடங்கு எதுவும் வேண்டாமென மறுத்த அவர், கண்களைக் கண் வங்கிக்கும், உடலை மருத்துவ மாணவர்க்கும், எலும்புக்கூட்டைத் தாம் கற்பித்த தேர்ஸ்டன் கல்லூரி விஞ்ஞானகூடத்துக்கும் எழுதி வைத்திருந்தார்.