புதுவையில் பாரதியார்

எட்டயபுரத்தில் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் பிறந்தவர் சுப்பிரமணியன். ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினோராம் வயதில் பாரதி என்னும் பட்டம் பெற்றார். காசியில் பயின்றதும், மதுரையில் ஆசிரியராக இருந்ததும், சென்னையில் 'சுதேசமித்திரன்' இதழில் பணியாற்றியதும் நாம் வகுப்பில் படித்தவையே. ஆதலால் அவற்றை விடுத்து, நம் புதுவையில் அவர் வாழ்ந்த பத்தாண்டுகளைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன்.

1908-இல் 'இந்தியா' இதழின் எழுத்துகளுக்காக ஆங்கில அரசு வழக்குத் தொடுத்து, சட்டப்படி அதன் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசனைக் கைது செய்தது. அடுத்து பாரதியார்தாம் என்று அஞ்சிய நண்பர்கள், அவரைப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்குச் செல்லும்படி வற்புறுத்தினர். இதைக் கோழைத்தனம் என்று கூறுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்த சில வாரங்களிலேயே, அதே ஆண்டு அக்டோபரில், 'இந்தியா' மீண்டும் புதுவையிலிருந்து வெளிவரத் தொடங்கிவிட்டதே! அஞ்சியவர் செய்யும் வேலையா அது?

பிரெஞ்சு எல்லை என்பது அந்நாளில் விந்தையானது. நம் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் வரைபடத்தைப் பார்த்தால் புரியும். பிரெஞ்சு ஊர்களும் ஆங்கிலேயர் ஊர்களும் துண்டு துண்டாகக் கலந்து கிடந்தன. சில வயல்களைத் தாண்டினால் வேறு அரசு, வேறு சட்டம். நம் பாட்டனார்கள் சந்தைக்குச் செல்லக் கடந்த அந்த எல்லையைப் பாரதியார் கடந்தால் சிறை! ஊருக்குள்ளும் ஒற்றர்கள் அவரைத் தொடர்ந்தனர். 'இந்தியா' ஆங்கிலேயர் பகுதிக்குள் நுழையத் தடை வந்தது. 1910 மார்ச்சில் இதழ் நின்றது. வருவாயும் நின்றது. மனைவி செல்லம்மாளும் இரு பெண் மக்களும் பட்ட துன்பம் கொஞ்சமன்று.

பேச மேடையில்லை, எழுத இதழில்லை. அப்போதுதான் அவர் மனம் அமைதியைத் தேடிற்று. 1910 ஏப்ரலில் புதுவை வந்த அரவிந்தருடன் வேதங்களை ஆராய்ந்தார். கடற்கரையில் நெடுநேரம் உலாவினார். எல்லாவற்றிலும் அவருக்கு உகந்த இடம், முத்தியால்பேட்டைப் பக்கம் கிருஷ்ணசாமி செட்டியாருக்குச் சொந்தமான மாந்தோப்பு. அந்தச் செட்டியாருக்குப் பாரதியார் செல்லமாக இட்ட பெயர் 'வெல்லச்சு'!

அத்தோப்பின் நிழலில் பிறந்ததே 'குயில் பாட்டு'. ஒரு கவிஞர் மேல் காதல் கொண்ட குயில், குரங்கிடமும் மாட்டிடமும் அதே காதலைச் சொல்லும் கதை அது. குரங்கைக் குயில் புகழும் இடத்தைப் படித்து நானும் என் தங்கையும் வயிறு குலுங்கச் சிரித்தோம். வீட்டில் அரிசியில்லாத ஒரு மனிதரால் இவ்வளவு வேடிக்கையாக எழுத முடிந்ததை நினைத்தால் வியப்பாயிருக்கிறது. 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகம் 1912-இலும், 'கண்ணன் பாட்டு' 1917-இலும் வெளிவந்தன. கீதையைத் தமிழாக்கியதும் இங்கேதான். குழந்தைகளாகிய நாம் முதலில் கற்ற பாப்பா பாட்டு, இளைய மகள் சகுந்தலாவை எண்ணிப் பாடியது என்பர். 1916 நவம்பரில் பெரும்புயல் புதுவையை உலுக்கியபோது, அழியாமல் தப்பிய ஒரு தென்னந்தோப்பைக் கூட அவர் பாட மறக்கவில்லை.

கவிதையோடு நின்றாரா? தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கனகலிங்கத்துக்குத் தம் கையாலேயே பூணூல் அணிவித்தார். அக்காலத்தில் அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! புதுவை ஆசிரியர் கனகசுப்புரத்தினம் அவரிடம் கொண்ட பற்றினால் பாரதிதாசன் ஆனார்.

பத்தாண்டுகள் ஆயின. தோப்பும் கடலும் எத்துணை இனியவை ஆயினும் தாய்நாட்டு மண் அழைத்தது. 1918 நவம்பர் 20-ஆம் நாள் எல்லையைக் கடந்தார். கடலூர் அருகே கைது செய்யப்பட்டு, டிசம்பர் 14-ஆம் நாள் வரை சிறையில் இருந்தார். பின்பு கடையத்திலும் சென்னையிலும் வாழ்ந்து, 1921 செப்டம்பரில் மறைந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது கூட நிரம்பவில்லை.

புதுவை ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக உள்ளது. விடுமுறையில் பெற்றோருடன் புதுவை செல்லும் தோழியர், கடற்கரைக்குப் போகுமுன் அந்தத் தெருவிலும் சற்று இறங்கிப் பாருங்கள்.