குழந்தையின் பல்லும் கிறீன் வைத்தியரும்

யாழ்ப்பாணத்திலே பிள்ளைக்கு முதற்பல் முளைத்துவிட்டால் வீட்டாருக்கு அது ஒரு திருநாள். கொழுக்கட்டை பிடித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல் அரிந்து அதன் விளிம்பிலே பதித்து அவிப்பர். பிள்ளையை இருத்தித் தலைமேல் அவற்றைச் சொரிவர். ஏடு, எழுதுகோல், நகை முதலியவற்றை முன்னே பரப்பி, பிள்ளை எதை எடுக்கின்றது என்று ஆவலோடு பார்ப்பர். இத்துணைச் சிறப்போடு வரவேற்கப்பட்ட பல் நாலைந்து ஆண்டுகளிற் கறுத்துக் குழிவிழுந்து போனாலோ, விழப்போகும் பாற்பல்தானே என்று வாளா இருந்துவிடுகின்றோம். இதற்குக் காரணம் அன்பின்மை அன்று. அறிய வேண்டியது தாயின் காதுக்கு அவள் மொழியிலே போய்ச் சேராமையே காரணம் என்பது என் கருத்து. உடல்நல அறிவு தமிழ் வழியாகவே தமிழ் வீடுகளை அடைதல் வேண்டும் என்று நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே முயன்ற ஒருவர் நம் மானிப்பாயில் வாழ்ந்தார். அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவிலே மசசூசெற்ஸ் மாகாணத்து வூஸ்ரர் நகரில், 1822ஆம் ஆண்டு ஒற்றோபர் 10ஆந் திகதி கிறீன் பிறந்தார். நியூயோர்க்கை இன்றைய மாநகராக ஒன்றிணைத்த பெருமைக்குரிய அந்துரு கிறீன் இவருக்குத் தமையனார். தமையனார் ஒரு மாநகரை ஆக்கினார். தம்பியாரோ கடல் கடந்து ஒரு சிற்றூரைத் தேடி வந்தார். 1845இல் வைத்தியப் பட்டம் பெற்ற கிறீன், அமெரிக்க மிசன் ஊழியராக 1847இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் அவருடைய மாகாணத்துத் தலைநகராகிய பொஸ்ரனிலே, மோட்டன் என்னும் பல் வைத்தியர் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி, நோவின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பதை உலகறியக் காட்டினார். மேலைநாட்டு வைத்தியம் புதுவழியிற் காலெடுத்து வைத்த அவ்வேளையிலே கிறீன் நம்மிடம் வந்தார் என்க.

1848இல் மானிப்பாயை இருப்பிடமாகக் கொண்டு, நோயாளரைப் பார்ப்பதோடு மாணாக்கருக்கு வைத்தியங் கற்பிக்கவும் தொடங்கினார். தொடக்கத்திற் கல்வி ஆங்கிலத்திலேயே நடந்தது. ஆனால், ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தையும் பிறவூரையும் நாடிப் போயினர். கிராமத்து நோயாளி முன்போலவே தனித்து நின்றான். இதனைக் கண்ட கிறீன், 1862இல் இரண்டாம் முறை இங்கு வந்தபின் தமிழிலேயே கற்பிக்கும் வகுப்பைத் தொடங்கினார். அவர் உருவாக்கிய வைத்தியர் 60 பேருக்கு மேற்பட்டவர். ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிற் கற்றவர்.

தமிழிற் கற்பிக்கத் தமிழ் நூல் வேண்டுமன்றோ? கல்வின் கட்டர் என்பார் எழுதிய உடற்கூற்று நூலைக் கிறீன் முதலிலே தமிழாக்கினார். அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்பது அதன் பெயர். பெயர் நீண்டதாயினும் பொருள் எளிது: உடலின் அமைப்பு, அதன் தொழில், அதனைப் பேணும் முறை என்னும் மூன்றையும் அது கூறுவது. 1852இல் வெளிவந்த இந்நூலைப் பற்றிப் பேசுவோர், அதன் கலைச்சொற்களையே பெரும்பாலும் வியப்பர். என் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொன்று. கட்டரின் மூலநூல் பற்களின் அமைப்பையும் தொழிலையும் விளக்கியதோடு நில்லாது, அவற்றைப் பேணும் முறைக்கென்றே தனி இயல் வகுத்தது. உண்டபின் பல்லைச் சுத்தஞ் செய்தல், மிகுந்த சூட்டையும் மிகுந்த குளிரையும் விலக்கல், ஆடும் பாற்பல்லை உரிய காலத்தில் அகற்றல் என்பன அதன் அறிவுரை. கத்தியெடுத்து அறுக்கக் கற்ற ஒருவர், அறுக்க வேண்டிய நிலை வாராமற் காக்கும் நூலைத் தம் முதற் பணியாகத் தெரிந்தெடுத்தமை அவர் நெஞ்சத்தைக் காட்டுகின்றது.

அதன் பின் பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என நூல்கள் தொடர்ந்தன. மாணாக்கரும் துணைநின்ற இப்பணி 4000 பக்கங்களைக் கடந்தது. தமிழிலும் வடமொழியிலும் சொல் தேடி, கிடையாதவிடத்தே பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இணங்க எழுதினார். மதம் மாறியோரும் தமிழர் உடையையும் பழக்கவழக்கத்தையும் விடலாகாது என்பது அவர் கொள்கை. உடல் தளர்ந்து 1873இல் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ்ப்பணியை விட்டாரல்லர். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு மே 28ஆந் திகதி அவர் மறைந்தார். தாம் தமிழருக்கு வைத்தியராய் ஊழியஞ் செய்தவர் என்பதையே கல்லறையிற் பொறிக்க விரும்பினார். கவிஞர் அம்பி 1967இல் எழுதிய கிறீனின் அடிச்சுவடு இவ்வரலாற்றை நமக்கு மீட்டுத் தந்தது.

பற்சூத்தைக்குக் காரணம், வாயில் வாழும் கிருமிகள் இனிப்பையும் மாவையும் அமிலமாக்குவதே என்பது 1890ஆம் ஆண்டளவிலேதான் தெளிவாயிற்று. கிறீன் அறியாத அதனை நாம் அறிவோம். ஆதலின் நமக்கு நொண்டிச்சாட்டு இல்லை. எவ்வளவு இனிப்பு என்பதைப் போலவே எத்தனை முறை என்பதும் கேடு செய்யும். பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேநீர் குடிக்கும் பிள்ளையின் பல், கடிக்குந்தோறும் அமிலத்தில் நனைகின்றது. சீனி கரைத்த பாற்போத்தலோடு உறங்கும் குழந்தைக்கு இரவு முழுவதும் அதே கதி. முதற்பல் தோன்றிய நாளிலிருந்தே துலக்க வேண்டும், காலையிலும், படுக்கப்போகுமுன்னும். புளோரைட்டுச் சேர்ந்த பற்பசை மூன்று வயதுவரை ஓர் அரிசியளவு, பின்னர் ஒரு பட்டாணியளவு போதும். உமிக்கரி பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். ஏழெட்டு வயதுவரை பெற்றோர் கையே துலக்குதல் நன்று.

பாற்பல் இருபதும், பின்வரும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை. ஒன்று காலத்துக்கு முன் போனால், அயற்பல் சாய்ந்து வழியை அடைக்கும். ஆறு வயதளவில் பாற்பல் வரிசைக்குப் பின்னே ஒரு கடைவாய்ப்பல் ஓசையின்றி முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பெற்றோர் அதனையும் பாற்பல்லென்றே எண்ணிவிடுவர். அது வாழ்நாள் முழுவதற்கும் உரியது; போனால் மீளாது.

கிறீன் ஆக்கிய சொற்களிற் பல இன்று வழக்கில் இல்லை. அவர் தொடங்கிய தமிழ்வழி வைத்தியக் கல்வியும் நீடிக்கவில்லை. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை நிற்கின்றது. அவர் கொள்கையைத் தாங்கி நிற்க வேண்டியவர் ஆசிரியராகிய நாமே. முதலாம் வகுப்புப் பிள்ளையின் கடைவாயில் அப்புதுப் பல் முளைக்கும் ஆண்டிலே, அதன் தாயை அழைத்து, அவளுக்கு விளங்கும் தமிழில் அதன் அருமையைச் சொல்லும் ஆசிரியர், கிறீன் வைத்தியரின் மாணாக்கர் வரிசையில் ஒருவராகத் தம்மையும் எண்ணிக்கொள்ளலாம்.